சேம அச்சு

பழைய வண்டியொன்றுக்குப் பின்னச்சுத் தேடி மூன்று மாதம் அலைந்ததை எழுத உட்கார்ந்தபோது, இலக்கிய ஏட்டில் இரும்புக் கடைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்பார்களே என்ற அச்சம் முதலில் எழுந்தது. பின்னர் நாம் குடியிருக்கும் ஊரின் பெயர் நினைவுக்கு வந்தது, அச்சம் அகன்றது. அதியமான்கோட்டைக்காரன் ஒருவன் வண்டியச்சைப் பற்றி எழுதினால் தமிழ் கோபித்துக்கொள்ளாது.

காரணம் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 102-ஆம் பாட்டாக நிற்கிறது. உப்பு வாணிகரான உமணர் பாரவண்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். காளைகளோ நுகம் பழகாத இளங்காளைகள். வண்டியிலோ பண்டம் நிறைய. பள்ளத்தில் இறங்கவேண்டும், மேட்டில் ஏறவேண்டும். வழியில் என்ன நேருமென்று யார் கண்டார்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அரசகுமாரனைப் பார்த்துச் சொல்கிறார் ஔவையார். வாள் என்றிருக்கலாம், வேங்கை என்றிருக்கலாம். வண்டிக்கடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கும் மாற்று அச்சு என்றார். தகப்பன் அஞ்சியைப் பாடும்போதும் அவருக்கு வண்டிப் பட்டறைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படியிருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்று 87-ஆம் பாட்டில் சொல்கிறார். தந்தை சக்கரம், மகன் அச்சு. பள்ளியில் தமிழாசிரியர் இதை நடத்தியபோது நாம் ஜன்னல் வழியே சாலையில் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்த ஊரில் சாலைதான் எல்லாம். சென்றாயப் பெருமாள் கோயிலையும் காலபைரவர் கோயிலையும் தேடி வெளியூரார் வருவார்கள். உள்ளூரார் பிழைப்பதோ பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் நெடுஞ்சாலையை நம்பித்தான். முன்பு அதற்கு 7 என்று எண். 2010-இல் எண்களை மாற்றியபோது 44 ஆயிற்று. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844-ஆம் எண் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. தெற்கே சற்றுத் தொலைவு போனால் தொப்பூர்க் கணவாய். அதில் இறங்கும் லாரிக்காரர்கள் வாய்க்குள் ஏதேனும் ஓதிக்கொண்டே இறங்குவதை நாம் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறோம்.

நம் அத்தாவுக்குப் புளி வியாபாரம். மாசி, பங்குனியில் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் மரத்தோடு பேசி எடுத்து, உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டையெடுத்துச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு அனுப்புவார். அதற்கென்று பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப்பு வாங்கினார். மகிந்திரா கட்டிய சி.ஜே. 3பி. பின்னால் தகரத்தை அறுத்தெறிந்துவிட்டு, வேங்கை மரச் சட்டத்தில் தொட்டி கட்டினார். ‘பிக்கப்’ என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ‘தொட்டி ஜீப்பு’ என்போம்.

அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி. நம் நேயர்களில் பலர் அறியாதது. 1945-இல் அது தொடங்கியபோது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது. இரும்பு வணிகம் செய்யத் தொடங்கிய கூட்டு அது. மகிந்திரா சகோதரர்களோடு கூட்டாளியாக இருந்தவர் மாலிக் குலாம் முகம்மது. நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார். 1951-இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. முதலெழுத்து இரண்டும் எம் என்பதால், சுருக்கெழுத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தொட்டி ஜீப்பின் மூக்கைத் துடைக்கும்போதெல்லாம் நம் அத்தா இதைச் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். எதற்கென்று நாம் கேட்டதில்லை.

இனி எழுதக் கை கூசுகிற பகுதி.

1983-ஆம் ஆண்டு, பங்குனி மாதம். நாம் ஒன்பதாம் வகுப்பு. இடப்புறப் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறதென்று, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கே வந்து சக்கரத்தின் குடத்தைக் கழற்றிச் சீல் மாற்றினார். அந்த ஜீப்பில் அச்சுத்தண்டின் முனை கூம்பாக இருக்கும். குடத்தின் துளையும் அதே கூம்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சாவிக்கட்டை. அதன்மேல் ஒரு பெரிய நட்டு. நட்டு சுழலாதிருக்க ஒரு காட்டர் பின். நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்குக் கூம்பும் கூம்பும் கவ்வும். முதல்முறை இறுக்கியது போதாது. வண்டி ஓடியபின் கூம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும், நட்டு தளரும். “ஐம்பது மைல் ஓடினதும் பின்னைக் கழட்டிட்டு இன்னொரு தரம் முறுக்கணும், மறந்துடாதீங்க பாய்” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அத்தா அந்த வேலையை நமக்குச் சொன்னார். பெரிய ஸ்பானரையும், அதில் கோக்கும் இரும்புக் குழாயையும் எடுத்துத் திண்ணையில் வைத்தார். வண்டி பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் போய்வந்தது. நாம் பந்து விளையாடப் போனோம். இரவு உணவின்போது, “முறுக்கிட்டியா?” என்று கேட்டார்.

“முறுக்கிட்டேன் அத்தா” என்றோம்.

மறுநாள் விடியலில் வண்டி சேலத்துக்குப் புறப்பட்டது. அரை டன் ஏற்றத் தகுந்த வண்டியில் ஏறக்குறைய ஒரு டன் புளி. மூட்டைகளின்மேல் சுமைகூலி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தொப்பூர் வளைவொன்றில் இடப்புற அச்சுத்தண்டு சாவிப்பள்ளத்தின் அருகே முறிந்து, சக்கரம் குடத்தோடு கழன்று தனியே ஓடிற்று. வண்டி பின்னச்சின் முனையைச் சாலையில் தேய்த்துக்கொண்டே போய் ஒரு பாறையில் மோதி நின்றது. ஓட்டியவருக்குக் காயம் இல்லை. அண்ணன் மூட்டைகளோடு சரிந்து விழுந்தார். வலது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை.

சுமை அதிகம், அதனால் முறிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தாவும் அதையே நம்பினார். சாகும்வரை நம்பினார். மாதாமாதம் அண்ணன் வீட்டுக்கு அவர் கொடுத்தனுப்பிய பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாம்தான். அச்சு முறியச் சுமையும் ஒரு காரணம் என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை. ஆனால் தளர்ந்த குடம் கூம்பின்மேல் ஆடி ஆடிச் சாவிப்பள்ளத்தின் ஓரத்தில்தான் தண்டைக் களைக்கச் செய்யும் என்பதைப் பின்னாளில் கற்றுக்கொண்டோம். அதைக் கற்றுக்கொண்ட நாளில் இரவு உறக்கம் வரவில்லை.

வண்டி அதன்பிறகு ஓடவில்லை. கொட்டகையில், பின்பக்கம் கருங்கல்லின்மேல் ஏறி, கோழிகளுக்கு வீடாக நின்றது. இருப்புக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. எடைக்குப் போடவும் அத்தா சம்மதிக்கவில்லை.

இப்போது நம் தங்கை மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைதோறும் வந்து கொட்டகையில் புகுந்துகொண்டு, கோழிகளை வெளியேற்றிவிட்டு, எஞ்சினைப் பிரித்தான். “மாமு, நன்னா வண்டியை ஓட்டிப் பார்க்கணும்” என்றான். எஞ்சின் ஆறு மாதத்தில் உயிர்பெற்றது. பெட்டி சரியாயிற்று. மிஞ்சியது பின்னச்சு. “அதை மட்டும் நீங்க பார்த்து எடுங்க மாமு. உங்களுக்குத்தான் அந்த வண்டி தெரியும்” என்றான். தெரியும் என்று அவன் சொன்ன சொல் எவ்வளவு தூரம் சுட்டது என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

மாட்டுவண்டியின் இருசைப் பற்றிச் சொன்னால் இந்த அச்சின் சங்கதி எளிதாக விளங்கும். இருசு சுழலாது; அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தம்போக்கில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகம் ஓடட்டும், உட்சக்கரம் குறைவாக ஓடட்டும், யாருக்கும் தொல்லையில்லை. மோட்டார் வண்டியில் எஞ்சினே இரண்டு பின்சக்கரங்களையும் உந்தவேண்டும். உந்திக்கொண்டே அவை வேறுவேறு வேகத்தில் ஓடவும் விடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் நான்கடி இடைவெளி என்று கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 25 அடி அதிகம் ஓடியிருக்கும். வட்டம் சிறிதோ பெரிதோ, அந்த 25 அடி மாறாது. கணக்குத் தெரிந்த பிள்ளைகளைக் கேட்டால் ஏனென்று சொல்வார்கள். இந்த வேற்றுமையைத் தாங்கிக்கொள்ளும் பற்சக்கரக் கூட்டுக்குத்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர். 1827-இலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

இந்தக் கூட்டுக்கு முன்னால் பினியன் என்ற சிறு சக்கரமும், கிரௌன் என்ற பெரிய சக்கரமும். நம் ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரௌனுக்கு 43. வகுத்தால் 5.38 வரும். அதாவது சக்கரம் ஒருமுறை சுழல, நடுத்தண்டு ஐந்தேகால் முறைக்கும் சற்று மேலாகச் சுழலவேண்டும். வேகம் குறைவு, இழுவை அதிகம். மலையேறவும் சேற்றில் இழுக்கவும் ஏற்ற விகிதம். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னச்சின் விகிதமும் பின்னச்சின் விகிதமும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும். வேறுபட்டால், முன்னிழுவையைப் போட்டு கெட்டிச் சாலையில் ஓட்டும் கணத்திலேயே முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கிவிடும். எது முதலில் உடையும் என்பதுதான் மீதிக் கேள்வி. நம் வண்டியின் முன்னச்சு பழையபடி 5.38-இல்தான் இருக்கிறது.

தேடல் தொடங்கியது. சென்னைக்குப் புதுப்பேட்டை, கோவைக்கு உக்கடம், பெங்களூருக்குச் சிவாஜிநகர். பழைய வண்டிகளின் உறுப்புகள் இறுதியில் போய்ச்சேரும் தெருக்கள் இவை. மூன்றிலும் நம் சமுதாயத்தவர் கடைகளைக் காணலாம். இரும்புப் பழங்கடைக்குத் தமிழில் ‘காயலான் கடை’ என்று பெயர் வந்ததே காயல்பட்டினத்து வணிகரால்தான் என்று சொல்வதுண்டு. உதவாப் பொருளை இகழ வேண்டுமானால் “காயலான் கடைக்குப் போடு” என்கிறார்கள். உதவாது என்று உலகம் எறிந்ததில் உதவுவது எது என்று பிரித்தறியும் தொழிலுக்கு இப்படியொரு வசைப்பெயர்! இதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்; இப்போது வேண்டாம்.

சிவாஜிநகரில் முதல் அச்சைப் பார்த்தோம். திடமானது, பெரியது, நம் ஜீப்புக்கு உரியதன்று. அதன் கிரௌன் கூடு நட்டநடுவில் இருந்தது. நம் ஜீப்பிலோ கூடு வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஏனெனில் நான்குசக்கர இழுவைப் பெட்டியிலிருந்து தண்டு வலப்பக்கமாகத்தான் வெளிவருகிறது. நடுக்கூட்டை மாட்டினால் நடுத்தண்டு கோணலாக ஓடி இணைப்புகளைத் தின்றுவிடும். “கமான்பட்டை இருக்கைகளை வெட்டிப் பற்றவைத்து உட்கார வைத்துவிடலாம்” என்றார் கடைக்காரர். உட்கார வைக்கலாம், சட்டம் உட்கார விடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-இல் உச்சநீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அதை எடுத்திருக்கமாட்டோம். ஒருமுறை அச்சில் அலட்சியம் காட்டியவனுக்கு மறுமுறை துணிவு வராது.

இரண்டாவது அச்சு வேறோர் ஊரில். ஊர்ப்பெயர் எதற்கு? கருப்புச் சாயம் பளபளக்க, புது எண்ணெய் ஊற்றி, பார்ப்பவர் கண்ணைப் பறிக்க வைத்திருந்தார்கள். டீசல் ஜீப்பினுடையதாம். விகிதம் அறிய ஒரு வழி சொல்கிறோம். நேயர்களில் யாருக்கேனும் பயன்படலாம். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றவேண்டும். அப்போது முன்னால் உள்ள நுகம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். சாக்பீசால் கோடிட்டு எண்ணினோம். ஐந்துக்கு அரைக்கால் சுற்றுக் குறைவு. அதாவது 39-க்கு 8, 4.88.

மருமகனுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. “இதுதான் மாமு நல்லது. மெயின்ரோட்டில் எஞ்சின் கத்தாது” என்று கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 60 கிலோமீட்டரில் நம் டயருக்கு, பழைய விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று, இதில் 2,200. கணக்குச் சரிதான். முன்னச்சை என்ன செய்வது என்று கேட்டோம். “முன்னிழுவையைப் போடாமலே ஓட்டிவிடலாம்” என்றான். “போடமாட்டேன் என்று நீ சொல்வாய். உன்னிடமிருந்து நாளை வாங்கி ஓட்டுகிறவனுக்கு யார் சொல்வது?” என்றோம். அவன் முகம் வாடிற்று. நம் குரல் வேண்டியதைவிட உரக்க இருந்திருக்கவேண்டும். கடைப்பையன் திரும்பிப் பார்த்தான்.

அவன் மனநிறைவுக்காக அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றச் சொன்னோம். மேலே தெளிந்த எண்ணெய். அடியில் விரலைவிட்டுத் துழாவினால் வெள்ளிச் சாந்துபோல் ஒரு குழம்பு; அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தால் கடுகளவு இரும்புச் சில்லுகள். உள்ளே பல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் வேறு திசையைப் பார்த்தார். மேலே உலர்ந்த தானியம், அடியில் நனைந்தது. அத்தகைய குவியலொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த வரலாறு நமக்கு நினைவு வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் மருமகன் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

மூன்றாவது அச்சு எங்கே இருந்தது தெரியுமா? நாம் நாள்தோறும் கடந்துபோகும் வழியில், நம் ஊரிலேயே, நெடுஞ்சாலையோரத்து இரும்புக் கடையின் பின்புறம், வேப்பமரத்தடியில். மூன்று மாதம் மாநிலம் தாண்டி அலைந்துவிட்டு, ஒரு மாலையில் தற்செயலாக அங்கே தேநீர் குடிக்க நின்றபோது, கடைப் பெரியவர்தாம் பேச்சோடு பேச்சாக, “நம்மகிட்ட ஒண்ணு கிடக்குதே தம்பி, பார்க்கலியா?” என்றார். ஏதோ ஓர் அரசுத் துறை ஏலம்விட்ட ஜீப்பாம். துருவேறி, கோழியெச்சம் படிந்து, ஒரு பக்கம் எறும்புப் புற்றோடு அருவருக்கும் தோற்றத்தில் கிடந்தது. கூடு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைக் கண்டதுமே மனம் நிமிர்ந்தது.

அவர் விற்க அவசரப்படவில்லை. ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குறைகளைத் தாமே சொல்லத் தொடங்கினார். பினியன் சீல் போய்விட்டது. பேரிங்குகளைக் கேட்காமலே மாற்றிவிடவேண்டும். வலத்தண்டு நன்றாக இருக்கிறது. இடத்தண்டின் சாவிப்பள்ளம் அகன்றுவிட்டது, அதை எறிந்துவிடவேண்டும். “அதைப் போட்டு ஓட்டிடாதீங்க. அது ஆளைக் கொல்லும்” என்றார். நாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணினோம். 43. பினியனில் 8. எண்ணெய் கறுத்துப் பழையதாக நாறிற்று. ஆனால் காந்தத்தில் மாவுபோன்ற தேய்மானமன்றிச் சில்லில்லை. கிரௌனின் பற்களில் செந்தூரக் குழம்பைத் தடவிச் சுழற்றினால், பினியனின் பல் எங்கே அழுத்துகிறதோ அங்கே குழம்பு விலகித் தடம் விழும். தடம் பல்லின் ஓரத்தில் விழுந்தால் ஆபத்து. இதில் நடுவில், நீள்வட்டமாக, அழகாக விழுந்தது. கூட்டுக்குழல் வளைந்திருக்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு மருமகன் இருபுறமும் பழைய சக்கரங்களை மாட்டி, முன்பக்கத்து இடைவெளியையும் பின்பக்கத்து இடைவெளியையும் நூல்பிடித்து அளந்தான். பிறகு பாதிச் சுற்றுச் சுற்றி மறுபடியும் அளந்தான். நூலளவு வேற்றுமை. “ஓகே மாமு” என்றான். இரண்டாவது அச்சுக்குப் பிறகு அவன் நம்மோடு சிரித்துப் பேசியது அன்றுதான்.

பழைய வண்டியின் வலத்தண்டு இன்னும் நன்றாக இருக்கிறதே, அதையே இடப்பக்கம் போட்டால் என்ன என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் கூடு வலப்பக்கம் ஒதுங்கியிருப்பதால் வலத்தண்டு குட்டை, இடத்தண்டு நெட்டை, ஒன்றுக்கொன்று உதவாது. தண்டின் உள்முனை வரிகளிலும் 10 என்றும் 19 என்றும் இரு வகை நடமாடுகின்றன, அதுவும் பொருந்தவேண்டும். எண்ணினோம், 19. அந்த வரிக்கு இடத்தண்டு புதிதாகச் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சேலத்தில் கிடைத்தது. அதற்கான செலவைப் பெரியவர் விலையில் தாமாகவே கழித்துக்கொண்டார். நம் அத்தாவிடம் அவர் ஒருகாலத்தில் கடன்பட்டிருந்தாராம். அதையும் கழிக்கப் பார்த்தார். அதற்கு நாம் ஒப்பவில்லை.

இப்படிப்பட்ட அச்சுக்குப் பாதிமிதவை அச்சு என்று பட்டறை நூல்கள் பெயர் சொல்கின்றன. வண்டியின் பாரமும் சக்கரத்தின் உந்துவிசையும் ஒரே தண்டின்மேல்தான். தண்டு முறிந்தால் சக்கரம் போயிற்று. லாரிகளில் வருவது முழுமிதவை. அங்கே பாரத்தைக் கூட்டுக்குழல் தாங்கும், தண்டு முறிந்தாலும் சக்கரம் தன்னிடத்திலேயே நிற்கும். “நாமும் அப்படியொன்று போட்டிருக்கலாமே” என்றான் மருமகன். போட்டால் குடம், பிரேக், பட்டை எல்லாம் மாறும்; வண்டி அத்தாவின் வண்டியாக இராது. தவிர, முறியாத அச்சு வேண்டும் என்பதன்று நம் தேவை. முறுக்கவேண்டியதை முறுக்கியிருக்கவேண்டும் என்பதுதான்.

அச்சை மாட்டிய அன்று சுமைகூலி அண்ணனை அழைத்துவந்தோம். எழுபதை நெருங்குகிறார். கோலூன்றி வந்து புளியமரத்தடியில் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். கூம்பில் நீலம் தடவிக் குடத்தை அழுத்தித் தொடுமிடம் பார்த்தோம்; சுற்றிலும் பதிந்திருந்தது. துடைத்தோம். சாவிக்கட்டையை வைத்து, குடத்தை ஏற்றி, நட்டைப் பூட்டினோம். அதே ஸ்பானர், அதே குழாய். நாற்பது ஆண்டுகளாக அதே ஆணியில் தொங்கியவை. முழுப் பாரத்தையும் குழாயின்மேல் போட்டு நின்றோம்.

மருமகன் ஓட்ட, அண்ணன் முன்னிருக்கையில், நாம் பின்தொட்டியில். அதுதான் அவர் அன்று இருந்த இடம். பாலக்கோடு தாண்டிப் போய்த் திரும்பினோம். அவர் பழங்கதைகள் பேசிக்கொண்டே வந்தார். எந்தத் தோப்பில் அத்தா எத்தனை மரம் பேசி எடுத்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, மருமகன் உள்ளே போயிருந்த சமயம், அவரருகில் நின்று சொல்லிவிட்டோம். அன்று நட்டை முறுக்கவில்லை, முறுக்கியதாகப் பொய் சொன்னோம், அத்தாவுக்குக்கூடத் தெரியாது என்றோம். எத்தனையோ முறை மனத்தில் ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை, இவ்வளவுதான் வந்தது.

அவர் வெகுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார். கால்முட்டியை ஒருமுறை தடவிக்கொண்டார். பேச்சு வரும் என்று நின்றோம்.

“மொதலாளி அதை நெனைச்சு நெனைச்சே போனாரே” என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, “இன்னிக்கு எத்தனை மைல் ஆச்சு?” என்று கேட்டார்.

“வீடு போனால் ஐம்பது ஆகும், அண்ணே.”

“அப்ப வூட்டுக்குப் போனதும் முறுக்கணும்.”

வீட்டுக்குப் போனதும் கொட்டகையில் விளக்கைப் போட்டோம். மஃரிப் நேரம். மருமகன் தொழுதுவிட்டுச் செய்யலாம் என்றான். அண்ணன் கிளம்ப மறுத்து உட்கார்ந்திருந்ததால், தொழுகையை முடித்துவிட்டு உடனே வந்தோம். காட்டர் பின்னை நிமிர்த்தி உருவினோம். குழாயைக் கோத்து மிதித்தோம். இடப்பக்கத்து நட்டு அரைக்கால் சுற்று நகர்ந்தது. துளைக்கு நேர் வரும்வரை இன்னும் சற்று இறுக்கி, புதிய பின்னைக் கோத்து வளைத்தோம். அண்ணன் எழுந்து வந்து குனிந்து, விளக்கை அருகில் பிடிக்கச் சொல்லி, பின்னை விரலால் தொட்டுப் பார்த்தார். “அந்தப் பக்கம்?” என்றார். நாம் குழாயை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனோம்.